வாய்ப்புற்று திரும்பி வந்த வீட்டில்: வைரஸ் ஊசியா, கையெட்டும் மருந்தா?

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளத்தூரில் அம்மான் வீட்டு வளவில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அம்மானின் ஃபைல் விரித்துக் கிடந்தது: பயாப்சி ரிப்போர்ட், பெட் ஸ்கேன், கதிர்வீச்சு முடிந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. பக்கத்தில் பித்தளை வெற்றிலைப் பெட்டி. இரண்டு வருடமாக அதில் வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை. அயித்தை அதில் மாத்திரை அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்.

அம்மானுக்கு 63 வயது. வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து நாற்பது வருடப் பழக்கம். இடது கன்னத்தின் உள்பக்கம் புண்ணாக வந்தது புற்று என்று தெரிந்ததும் அறுவை செய்தார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். இப்போது அதே பக்கம் கழுத்தில் கட்டி, நுரையீரலில் இரண்டு புள்ளிகள். இனி அறுக்க இடமில்லை, அதே இடத்தில் திரும்பக் கதிர் கொடுப்பதும் சரிவராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிங்கப்பூரிலிருந்து அம்மானின் மகன், என் மச்சான், வீடியோ காலில் இருந்தான். ஒரு வாரமாக அவன் அனுப்பிக்கொண்டே இருந்தது ஒரே விஷயம்: புற்றைத் தின்னும் வைரஸ். ஒரு காணொளி, ஒரு செய்தித் துணுக்கு, கடைசியாக வெளிநாட்டுக் கிளினிக் ஒன்றின் விலைப்பட்டியல். அந்தத் தொகைக்கு வீட்டுப் பங்கை விற்க வேண்டும். அதற்கு முன் முகப்பில் இருக்கும் பர்மா தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை கேட்க, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழம்பொருள் கடைக்காரரை வரச்சொல்லலாமா என்றும் பேச்சு வந்தது. "காசு போனா சம்பாதிச்சுக்கலாம், அப்பச்சியச் சம்பாதிக்க முடியுமா?" என்று மச்சான் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை.

காரைக்குடியில் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவன் என்பதால், வீட்டில் எந்த மருந்துப் பேச்சு வந்தாலும் என் பக்கம்தான் திரும்புவார்கள். அன்றைக்கு நேரம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த பத்து நாளில் படித்ததும், இரண்டு புற்றுநோய் டாக்டர்களிடம் கேட்டதும், நாங்கள் எதை எதோடு வைத்து எடை போட்டோம் என்பதும்தான் இந்தக் கட்டுரை. இதே இடத்தில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாய்ப்புற்று முதல் தடவையாக வந்து, ஆரம்ப நிலையில் இருந்தால் ஒப்பிட எதுவுமே இல்லை. அறுவைதான். கழுத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து முதலிலேயே எடுத்துவிடுவதா, வந்த பிறகு பார்த்துக்கொள்வதா என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. முதலிலேயே எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் மூன்று வருடம் தாண்டி உயிரோடு இருந்தார்கள், காத்திருந்தவர்களில் 67.5. உலகமே பின்பற்றும் பாடம் இது, நம் நாட்டு நோயாளிகளிடம் கற்றது. அந்த நிலையில் இருப்பவர் வைரஸ், மூலிகை என்று மூன்று மாதம் அலைந்தால் கையில் இருந்த வாய்ப்பைக் கைவிட்டவர் ஆவார். கீழே வருவதெல்லாம் திரும்பி வந்த நோய்க்கு, அறுவையும் கதிர்வீச்சும் கை விரித்த பிறகு.

வைரஸ் எப்படிப் புற்றைக் கொல்லும்?

அயித்தைதான் முதலில் கேட்டார்: "அம்மைக் கிருமிய உடம்புக்குள்ள ஏத்துறதாமே, இதென்ன வைத்தியம்?" மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு வருடம் தவறாமல் பால்குடம் எடுப்பவர். அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, தாளிக்காமல் சமைத்து, வெளியாளை உள்ளே விடாமல் காத்த தலைமுறை. அவர் கேள்வி நியாயமானது.

நம் செல் ஒன்றுக்குள் வைரஸ் நுழைந்தால், அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியே விட்டு அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்தும். தன் உள்வேலைகளை நிறுத்திக்கொள்ளும். தேவைப்பட்டால் தானே மடிந்து வைரஸ் பெருகாமல் தடுக்கும். புற்றுச் செல்லோ பெருகுவது ஒன்றிலேயே குறியாக இருந்து, இந்தக் காவல் ஏற்பாட்டையெல்லாம் வழியிலேயே இழந்திருக்கும். காவலில்லாத வீடு வைரஸுக்கு வசதி. உள்ளே போய்ப் பெருகும், செல்லை வெடிக்க வைக்கும், அடுத்த செல்லுக்குத் தாவும். செல் வெடிக்கும்போது சிதறும் துண்டுகளைப் பார்த்து நம் நோய் எதிர்ப்புப் படை, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட கட்டியை அடையாளம் தெரிந்துகொள்கிறது. கொல்லும் வேலையைவிட இந்தக் காட்டிக்கொடுக்கும் வேலைதான் பெரிது என்பது இப்போது பல ஆராய்ச்சியாளர்கள் சொல்வது.

இது புதுக் கதையும் இல்லை. ரத்தப்புற்று இருந்த ஒரு பெண்ணுக்கு இன்ஃப்ளூயன்சா போன்ற காய்ச்சல் வந்து நோய் கொஞ்ச காலம் தணிந்ததை, ஜார்ஜ் டாக் என்ற அமெரிக்க மருத்துவர் 1904-இல் எழுதினார். உகாண்டாவில் நிணநீர்ப் புற்று இருந்த ஒரு சிறுவனுக்குத் தட்டம்மை வந்ததும் கட்டி கரைந்ததை 1971-இல் பதிவு செய்தார்கள். கோழி வளர்க்கும் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த வெள்ளைக்கழிச்சல் இருக்கிறதே, ராணிக்கெட் நோய் என்று சொல்லி குஞ்சுகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து விடுவோமே, அந்த வைரஸைக்கூட 1960-களிலிருந்து புற்றுக்குச் சோதித்திருக்கிறார்கள். மனிதருக்கு அது அதிகபட்சம் கண் சிவப்பு தருவதோடு போய்விடும் என்பதால் அதன்மேல் ஒரு நம்பிக்கை.

ஆனால் இயற்கையில் இருக்கும் வைரஸைத் திருத்தாமல் அப்படியே ஏற்றிய பழைய சோதனைகள் நிலைக்கவில்லை. தணிந்த நோய் திரும்பியது, சிலருக்கு வைரஸே ஆபத்தானது. மரபணுவில் கைவைத்து, நல்ல செல்லில் பெருக முடியாதபடி வைரஸைத் திருத்தும் வழியை 1991-இல் ராபர்ட் மார்டூசாவின் குழு மூளைக்கட்டியில் செய்து காட்டியது. இன்றைய வைரஸ் மருந்துகளெல்லாம் அந்தப் பாதையில் வந்தவை.

அயித்தைக்கு இதைச் சொன்னேன். "அப்ப அது நம்ம ஆத்தா இல்ல, ஆளு மாத்தி அனுப்புன ஒண்ணு" என்றார். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை.

ஒரே பெயரில் மூன்று சரக்கு

மச்சான் அனுப்பியவற்றைப் பிரித்துப் பார்த்தபோதுதான் குழப்பம் எங்கே என்று புரிந்தது. வைரஸ் சிகிச்சை என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு சரக்குகள் இருக்கின்றன: அரசு ஒழுங்காகச் சோதித்து அனுமதித்த மருந்து, இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து, காசு வாங்கிக்கொண்டு ஏற்றும் கிளினிக். மூன்றாவது ஆள் முதல் ஆளின் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார். இதைப் பிரிக்காமல் வைரஸ் நல்லதா கெட்டதா என்று பேசினால் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது.

அனுமதி பெற்றவற்றில் முக்கியமானது டி-வெக். உதட்டோரம் காய்ச்சலுக்குப் பிறகு கொப்புளம் போடுமே, அந்த ஹெர்பிஸ் வைரஸைத் திருத்திச் செய்தது. அமெரிக்க அரசு 2015 அக்டோபரில் அனுமதித்தது. தோலில் வரும் மெலனோமா என்ற கரும்புற்றுக்கு மட்டும், அதிலும் அறுவையில் எடுக்க முடியாத கட்டிக்குள் நேரடியாக ஊசி போட மட்டும். 436 பேரை வைத்துச் செய்த சோதனையில், ஆறு மாதத்துக்குக் குறையாமல் கட்டி அடங்கி இருந்தவர்கள் நூற்றுக்கு 16.3, ஒப்பீட்டு மருந்து வாங்கியவர்களில் 2.1. இது உண்மையான முன்னேற்றம். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது.

அம்மானுக்கு இருப்பது மெலனோமா இல்லை. வாய், தொண்டை, கழுத்துப் புற்றுக்கு டி-வெக் என்ன செய்தது என்று தேடினேன். செய்திருக்கிறார்கள். அம்மானைப் போலத் திரும்பி வந்த, பரவிய தலை-கழுத்துப் புற்று இருந்த 36 பேருக்கு, பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது ஐந்து பேருக்கு, அதாவது நூற்றுக்கு 13.9. அந்த அளவு பெம்ப்ரோலிசுமாப் தனியாகவே தரக்கூடியது. கழுத்தில் ரத்தக்குழாயை ஒட்டி கட்டி இருக்கும் ஆட்கள் இவர்கள். வைரஸ் மருந்தோடு தொடர்புடைய ரத்தப்போக்கில் ஒருவர் இறந்தும் போனார். ஆய்வை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகவில்லை. அம்மானின் ஸ்கேனில் கட்டி கழுத்தின் பெரிய ரத்தக்குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்தப் பத்தியை மச்சானுக்குப் படித்துக் காட்டியபோது, வீடியோவில் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சீனாவில் எச்101 என்ற அடினோவைரஸ் மருந்து 2005-இலேயே தலை-கழுத்துப் புற்றுக்கு அனுமதி பெற்றது. அனுமதிக்கு அடிப்படையான சோதனையில் கீமோவோடு இதைச் சேர்த்தபோது நூற்றுக்கு 78.8 பேருக்குக் கட்டி சுருங்கியது. கீமோ மட்டும் என்றால் 39.6. பார்க்க மலைப்பான எண். ஆனால் கட்டி சுருங்குவதும் ஆயுள் நீள்வதும் ஒன்றல்ல. அவர்கள் ஆயுளை நீட்டிக் காட்டவில்லை. இருபது வருடமாகியும் சீனாவுக்கு வெளியே அது பரவாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜப்பானில் 2021-இல் அனுமதித்த டெலிடாக்ட் மூளைக்கட்டிக்கு. அதுவும் குறிப்பிட்ட வருடங்களுக்குள் மேலும் சான்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, 19 பேர் கொண்ட சோதனையை வைத்து. அவர்களில் நூற்றுக்கு 84 பேர் ஒரு வருடம் தாண்டினார்கள் என்பது அந்த நோய்க்குப் பெரிய விஷயம்தான்.

இந்தியாவில் இந்த வகையில் அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை.

செய்தித் துணுக்கில் வந்த குரோஷிய விஞ்ஞானி பியாட்டா ஹலாசியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மச்சானை மிகவும் அசைத்தது அதுதான். மார்பகப் புற்று திரும்பி வந்தபோது, தன் ஆய்வகத்தில் தட்டம்மைத் தடுப்பூசி வைரஸையும் கால்நடைகளுக்கு வரும் இன்னொரு வைரஸையும் வளர்த்து, தன் கட்டிக்குள் ஊசி போட வைத்துக்கொண்டார். கட்டி சுருங்கி, தோலிலிருந்தும் தசையிலிருந்தும் விலகி வந்தது. 2024-இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்தப் பெண்ணின் துணிவை மதிக்கிறேன். ஆனால் துணுக்கில் விட்டுப்போன நான்கு விஷயம் கட்டுரையில் இருக்கிறது. அவரே வைரஸ் வல்லுநர். புற்றுநோய் டாக்டர்கள் கூடவே இருந்து கண்காணித்தார்கள். சுருங்கிய கட்டியைப் பிறகு அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் டிராஸ்டுசுமாப் என்ற வழக்கமான மருந்தும் எடுத்தார். வைரஸ் அறுவைக்கு வழி செய்தது, அறுவைக்குப் பதிலாக நிற்கவில்லை. அம்மானுக்கு அறுவைக்கே இடமில்லை என்ற இடத்தில்தான் நாங்கள் நிற்கிறோம்.

இனி மூன்றாவது சரக்கு, கிளினிக். எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் எந்த வைரஸ், எவ்வளவு அளவு, எந்த இடத்தில் ஊசி என்று ஒரு வரி இல்லை. கட்டிக்குள் போடுவார்களா, கை நரம்பில் ஏற்றுவார்களா என்று மச்சானை மெயில் போட்டுக் கேட்கச் சொன்னேன். நரம்பில் என்று பதில் வந்தது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் தட்டம்மைக்கும் ஹெர்பிஸுக்கும் எதிரான பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, நோய் வந்தோ தடுப்பூசியாலோ. நரம்பில் ஏற்றும் வைரஸ் கட்டியைப் போய்ச் சேருவதற்குள் அது பிடித்துவிடும். அதனால்தான் அனுமதி பெற்ற மருந்துகள் கட்டிக்குள்ளேயே ஊசி கேட்கின்றன.

லாட்வியாவின் ரிக்விர் கதையையும் இங்கே வைக்கிறேன். 2004-இல் அந்த நாட்டில் பதிவு பெற்று, பல நாடுகளிலிருந்து நோயாளிகளை இழுத்த வைரஸ் மருந்து அது. பிறகு சோதித்தபோது குப்பியில் சொன்ன அளவைவிட மிகக் குறைவான வைரஸ்தான் இருந்தது தெரிந்து, 2019-இல் விற்பனை நின்றது. அரசுப் பதிவு இருந்த மருந்துக்கே இப்படி. பதிவே இல்லாத குப்பிக்குள் என்ன இருக்கும் என்று யார் சொல்வது?

குளிர்ப்பெட்டி

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் கடையில் இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஓடும். அதுவும் நீண்டால் ஐஸ் பேக் அடுக்கிய தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றுவேன். சித்திரை வெயிலில் கானாடுகாத்தானுக்கு ஒரு இன்சுலின் பேனா கொடுத்தனுப்பும்போதே ஈரத்துணி சுற்றிக் கொடுப்பேன். டி-வெக் இருக்க வேண்டியது மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே. ஊசி போடுவதற்கு முன்புதான் உருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டு மருந்து தருவிக்க 12பி படிவ அனுமதி என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. சாதாரண மருந்துக்கு நானே இரண்டு பேருக்கு வழி சொல்லியிருக்கிறேன். மரபணு திருத்திய உயிருள்ள வைரஸை, அந்தக் குளிரில், பள்ளத்தூர் வரை கொண்டுவருவது அந்தப் படிவத்தோடு முடிகிற காரியம் இல்லை.

வீட்டுப் பாடும் உண்டு. ஊசி போட்ட இடத்தைக் காற்றுப் புகாமல் குறைந்தது ஒரு வாரம் மூடி வைக்க வேண்டும். கட்டு மாற்றுபவர் கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகளும் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களும் அந்தக் கட்டைத் தொடக்கூடாது. அம்மான் மகள் அப்போது ஆறு மாதம், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது: இந்த வைரஸ் எல்லை மீறினால் என் கடையிலேயே கிடைக்கும் அசைக்ளோவிர் அதைக் கட்டுப்படுத்தும். அந்தப் பிடியை வேண்டுமென்றே விட்டு வைத்துத்தான் திருத்தியிருக்கிறார்கள்.

விலை? அமெரிக்காவில் அறிமுகமானபோது ஒரு நோயாளிக்குச் சராசரியாக 65,000 டாலர் ஆகும் என்றார்கள். இன்றைய கணக்கில் ஐம்பது லட்சத்துக்கு மேல்.

பக்கத்திலேயே இருந்த இரண்டு வழி

இந்தப் பத்து நாளில் நான் கண்டுபிடித்தவற்றில் என்னை உண்மையிலேயே உலுக்கியது வைரஸ் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் செய்த இரண்டு ஆய்வுகள். இரண்டும் அம்மானைப் போன்ற ஆட்களை, அவரைப் போலவே பணம் இல்லாதவர்களை, மனதில் வைத்துச் செய்தவை.

முதலாவது மாத்திரை வழி. 2020-இல் முடிவு வந்தது. 422 நோயாளிகள். ஒரு பாதிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. மறுபாதிக்கு வீட்டிலேயே விழுங்கும் மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப் மாத்திரைகள். ஊசி போட்டவர்களில் பாதிப் பேர் தாண்டிய காலம் 6.1 மாதம், மாத்திரைக்காரர்களில் 7.5 மாதம். பக்க விளைவும் மாத்திரையில்தான் குறைவு. இரண்டு மருந்தும் என் கடை அலமாரியில் மூட்டுவலிக்காரர்களுக்காக இருப்பவை. மாதச் செலவு ஆயிரங்களைத் தாண்டாது.

இரண்டாவது, குறைந்த அளவு நிவோலுமாப். எதிர்ப்புசக்தியின் பூட்டைத் திறந்துவிடும் மருந்து இது; வைரஸ் செய்ய நினைக்கும் காட்டிக்கொடுக்கும் வேலைக்கு நெருங்கிய சொந்தம். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஆய்வு நடந்த காலத்தில் அந்த விலையை நம் நாட்டில் நூற்றில் இரண்டு மூன்று பேர்கூடக் கொடுக்க முடியவில்லை. டாடா மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகளோடு சேர்த்து. 151 பேர். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 16.3, இந்தச் சிறிய ஊசியும் சேர்த்தவர்களில் 43.4. பாதிப் பேர் தாண்டிய காலம் 6.7 மாதத்திலிருந்து 10.1 மாதமானது.

இந்த எண்களை அம்மானிடம் மறைக்கக் கூடாது என்று நான் சொன்னேன், வீட்டில் சிலர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் அம்மானே கேட்டுவிட்டார், வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காத நிலையில், மெதுவாக: "நூத்துக்கு நாப்பத்து மூணா? அப்ப மிச்சம் அம்பத்தேழு?" ஆமாம் என்றேன். "வைரசுக்கு எவ்வளவு?" உங்கள் நோய்க்கு அப்படி ஒரு எண்ணே இல்லை அம்மான் என்றேன். தலையாட்டிவிட்டு வெற்றிலைப் பெட்டியை மூடினார்.

எண்ணே இல்லாத மருந்துக்கு வீட்டுப் பங்கை விற்பதும், எண் இருக்கிற மருந்துக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சில ஆயிரங்களைப் புரட்டுவதும் ஒரே தராசில் வைக்கிற சங்கதி இல்லை என்பது என் தீர்மானம். குப்பி 40 மில்லிகிராமில் வருகிறது. ஒரே நாளில் இரண்டு நோயாளிகளுக்குத் தேதி கொடுத்துப் பகிர்ந்தால் செலவு பாதியாகும். எங்கள் டாக்டரிடம் கேட்டோம், அவர் ஏற்பாடு செய்தார். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை வழி இருக்கிறது. எந்த மருந்து அதில் சேரும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு மேசையில் ஊசிக்கு முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும்.

சோதனையில் சேர்வது

மச்சான் விடாமல் கேட்ட ஒரு கேள்வி சரியான கேள்வி: "அப்ப வைரஸ எப்பத்தான் நம்ம ஆளுங்களுக்குச் சோதிப்பாங்க?" இந்தியாவில் நடக்கும் எந்த மருந்துச் சோதனையும் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதிவு எண் கேளுங்கள். நெறிமுறைக் குழு அனுமதித்த ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் நடத்துபவர்தான் இலவச சிகிச்சை தர வேண்டும், இழப்பீடும் உண்டு. சோதனை மருந்துக்கு உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அம்மானின் நோய்க்கு ஏற்ற வைரஸ் சோதனை பதிவேட்டில் நாங்கள் தேடியபோது கண்ணில் படவில்லை. அப்படி ஒன்று அடையாறு புற்றுநோய் மையத்திலோ மும்பையிலோ தொடங்கினால், கையெழுத்துப் போட நான்தான் முதலில் சொல்வேன். நம் வாய்களில் நம் பாக்கும் புகையிலையும் செய்த புற்று இது. நம் ஆட்களிடம் சோதிக்காமல் நமக்கு மருந்து வராது. அடையாறு மையத்தை 1954-இல் நிறுவிய முத்துலட்சுமி ரெட்டி பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். காரைக்குடியில் விடியலில் பல்லவன் ரயில் ஏறுகிற எத்தனையோ பேர் அங்கேதான் போகிறார்கள்.

வேறு நோயாக இருந்திருந்தால் என் எடை வேறு பக்கம் சாய்ந்திருக்கும். உள்ளங்காலிலோ நகத்தடியிலோ கரும்புற்று வந்து, கட்டிகள் தோலோடு நிற்கிறவராக இருந்தால் டி-வெக் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேட்கச் சொல்வேன், எதிர்ப்புசக்தி மருந்துகளுக்குப் பிறகு. சிறுநீர்ப்பையின் உள்தோலில் மட்டும் இருந்து, வழக்கமாக முதலில் கொடுக்கும் பிசிஜி மருந்துக்கு அடங்காத புற்று என்றால், பைக்குள் விடும் அடினோவைரஸ் மருந்து ஒன்றை அமெரிக்கா 2022 டிசம்பரில் அனுமதித்திருக்கிறது. அது பெருகாத வைரஸ். இன்டர்ஃபெரான் மரபணுவைச் சுமந்து போகும் வண்டி மட்டும்தான். ஆனாலும் சிறுநீர்ப்பையை எடுத்துவிடுவதற்கு முன் கேட்க வேண்டிய பெயர். ரத்தப்புற்று, நிணநீர்ப் புற்று என்றால் வைரஸ் பேச்சே தேவையில்லை. 2023-இல் நம் நாட்டிலேயே அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற செல் சிகிச்சை பற்றிக் கேட்கலாம். செலவு பல லட்சம்தான், ஆனால் வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்கு.

இன்னொரு வழியையும் ஒரு வாய்ப்பாக மரியாதையோடு பேச வேண்டும்: கட்டியைத் துரத்தாமல், வலியும் புண் நாற்றமும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் உயிர் போய்விடும் என்று இன்னும் பல வீடுகளில் பயப்படுகிறார்கள். சரியான அளவில் அது தூக்கத்தையும் சாப்பாட்டையும் திருப்பித் தரும். இதை மற்ற சிகிச்சைகளோடு முதல் நாளிலிருந்தே தொடங்கலாம், கடைசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. அம்மானுக்கு அப்படித்தான் தொடங்கினோம். இரண்டாம் நாள் இரவு அவர் விடியும்வரை தூங்கியதை அயித்தை காலையில் போன் போட்டுச் சொன்னபோது அழுதுவிட்டார்.

கடைசியாகக் கூடியது புரட்டாசி முதல் ஞாயிறு. மச்சான் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். கிளினிக்குக்கு முன்பணம் கட்டவில்லை. அந்தப் பணத்தில் மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்தான், ஊசி நாட்களில் தங்க. தூண்கள் இருந்த இடத்தில் நிற்கின்றன. குறைந்த அளவு நிவோலுமாப், மூன்று மாத்திரைகளோடு, என்று முடிவானது. பேத்தி பிறப்பதைப் பார்க்க வேண்டும் என்று அம்மான் டாக்டரிடம் சொன்னார். மூன்று மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுப்போம், பலன் இல்லையென்றால் ஊசியை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொன்னதையும் ஃபைலில் எழுதி வைத்தோம்.

அன்று கிளம்புமுன் அயித்தையிடம் ஒன்றை மூன்று தடவை சொன்னேன். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தினம் கொடுத்தால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும். மற்ற மாத்திரைகளைப் போலத் தினம் விழுங்கி உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள். அயித்தை அந்த அட்டையை வெற்றிலைப் பெட்டியிலிருந்து தனியாக எடுத்து, சாமி அறை அலமாரியில் வைத்தார். பிறகு பட்டாலைச் சுவரில் தொங்கும் காலண்டரை இறக்கி, மாட்டுப்பொங்கல் வரை உள்ள புதன்கிழமைகளுக்கெல்லாம் குங்குமத்தால் பொட்டு வைத்தார்.